பட்டாம்பூச்சி அடையும் வேலி

நடந்தது இது, வரிசைப்படி:

1. புரட்டாசிக் கடைசியில், அப்பா சொல்லி, எங்கள் நிலத்தை நான் சங்கிலி வைத்து அளந்தேன். மறுமுனையைப் பிடித்தவள் சித்தி.

2. எங்கள் நிலத்துக்கும் சித்தப்பா நிலத்துக்கும் நடுவில் இருந்த கிளுவை வேலி, என் அளவுப்படி, எங்கள் எல்லைக்குள் இரண்டடி எட்டு அங்குலம் தள்ளி நின்றது.

3. ஐப்பசி நடுவில், பொழுது சாயும் நேரம், பட்டாம்பூச்சிகள் வேலியில் அடைந்து முடிந்த பிறகு, அப்பா அந்த வேலியை வெட்ட ஆரம்பித்தார்.

4. சித்தி கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கத்தி அவள் வலது மணிக்கட்டில் இறங்கியது.

5. சித்தப்பா கடப்பாரையால் அப்பாவின் இடது தோளில் அடித்தார். எலும்பு முறிந்தது.

6. பதினோரு நாள் கழித்து, நான் அளந்த சங்கிலி நாலு அங்குலம் கூடுதல் நீளம் என்று தெரிந்தது.

முதல் ஐந்தும் ஊருக்கே தெரியும். ஆறாவது மூன்று நாள் வரை வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்திருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மகளிர் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வீட்டில் இருந்தேன். வீடு திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ஆசிரமங்களைத் தாண்டி மலையின் அடிவாரத்தில். மானாவாரி நிலம். மேற்குப் பாதி எங்களுடையது, கிழக்குப் பாதி சித்தப்பாவுடையது. எழுபதுகளின் நடுவில் பாகம் பிரித்தபோது அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து ஒரே நாளில் கயிறு கட்டி, கிளுவைப் போத்துகளை வெட்டி நட்டு அந்த வேலியைப் போட்டார்கள். அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான் என்று அம்மா சொல்வாள்.

அப்பா கை நீட்டும் மனிதர். மாட்டை அடிப்பார். அம்மாவை அடிப்பார். ஒரு முறை மோட்டார் ஓடவில்லை என்று ஸ்பேனரால் மோட்டாரையே அடித்து மூடியை உடைத்தார். அதைச் சரிசெய்ய வந்த மெக்கானிக், இதுக்கு வலிச்சிருந்தா ஓடியிருக்கும்ங்க என்றான். அவனையும் அடிக்கப் போனார். நான் தேர்வில் கல்லூரியில் முதலாவதாக வந்த அன்று அடிக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அடித்திருக்கிறார்.

சித்தப்பா அப்படி இல்லை. அவர் பேசியே ஆளை வெட்டுவார். அந்த வருஷம் வேலியை ஒட்டி, தன் பக்கத்தில், இரண்டு அறைகளுக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தார். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதற்கு. குழி வேலியிலிருந்து இரண்டடி தள்ளி இருந்தது. மண்ணை அள்ளிப் போடும்போது அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி கொத்தனாரிடம் சொன்னார்: எங்க அண்ணன் நிலத்துல கடலை மொளைக்கும், என் நிலத்துல டாலர் மொளைக்கும் பாருங்க. அதற்குப் பிறகு அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பட்டாம்பூச்சிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் ஐப்பசி மழை தொடங்கும் சமயம், மேற்கே செங்கம் பக்கமிருந்து அவை வரும். கறுப்பில் நீலக்கோடு போட்டவை பாதி. பழுப்பேறிய கறுப்பில் ஓரத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளி வைத்தவை மீதி. பகலில் சிதறிப் பறக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல் எங்கள் வேலிக்கு வந்து இறங்கும். கிளுவையிலும், அதன்மேல் படர்ந்து காய்ந்த கொடிகளிலும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தலைகீழாகத் தொங்கும். இறக்கையை மூடிக்கொண்டால் காய்ந்த இலைக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. கடைசியாக வருபவை இடம் கிடைக்காமல் முன்பே உட்கார்ந்தவற்றின்மேல் மோதும். ஒன்று விழுந்தால் பக்கத்தில் இருக்கும் பத்து இறக்கையை விரித்து மூடும். உலர்ந்த காகிதத்தைக் கசக்குவது போல வேலி முழுக்க ஒரு சத்தம் ஓடி அடங்கும். ஐந்து ஐம்பதுக்கு எல்லாம் அடங்கிவிடும். நான் நேரம் குறித்து வைத்திருக்கிறேன்.

அதை அழகு என்று மட்டும் சொல்ல எனக்கு வராது. கிட்டே நின்று பார்த்தால் அங்கே ஓயாத அடிதடி. தரையில் விழுந்ததை எறும்பு உயிரோடு இழுத்துப் போகும். ஒரு கரிச்சான் குருவி ஒன்றைப் பறந்தபடியே கவ்வியது. கடித்தது, உடனே துப்பியது. அந்தப் பூச்சி ஒரு பக்க இறக்கையில் அலகின் முத்திரையோடு மறுநாளும் வந்து அதே கிளையில் தொங்கியது. அலகு பட்ட இறக்கைகளைத் தனியாக எண்ணினேன். நூற்றுக்கு ஏழெட்டு இருந்தன.

வேலியின் காலடியில் கிளுகிளுப்பைச் செடிகள் இருந்தன. காய்ந்த காயை ஆட்டினால் உள்ளே விதை குலுங்குமே, அந்தச் செடி. பட்டாம்பூச்சிகள் அதன் பூவை விட்டுவிட்டு இலையிலும் தண்டிலும் உட்கார்ந்து காலால் பிறாண்டும். ஆடு கடித்து வைத்த செடி, மண்வெட்டி பட்ட செடி என்றால் கும்பலாக மொய்க்கும். சித்திதான் முதலில் கவனித்தாள்.

"நல்லா இருக்கற செடிய உட்டுட்டு காயம்பட்டதத் தேடிப் போவுது பாரு பாப்பா."

சித்தி தன் பக்கம் நிற்பாள், நான் எங்கள் பக்கம். அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. ஆனால் வேலியின் இரண்டு பக்கமும் பெண்கள் பேசுவதை யாரும் தடுக்கவில்லை, கவனித்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. சித்தி என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். குழந்தை இல்லை. மாலையில் ஆட்டைப் பிடித்துக் கட்ட வருகிற சாக்கில் வந்து நிற்பாள். நான் ஒரு முழ நீளக் கிளையில் எத்தனை என்று எண்ணி, கிளைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, சர்வே பாடத்துக்கு வாங்கிய நோட்டின் பின்பக்கத்தில் எழுதுவேன்.

"எத்தினி?" என்பாள்.

"ஒரு முழத்துக்கு நூத்திப்பத்து, சித்தி."

"நேத்து?"

"தொண்ணூறு."

"ஜாஸ்தியாத்தான் ஆவுது. பொண்ணு பாக்க வரவங்ககிட்டயும் இதையே சொல்லு. பொண்ணுக்கு இன்னா தெரியும்னு கேட்டா, பூச்சி எண்ணத் தெரியும்னு சொல்லிடலாம்."

அந்த வருஷத்து முதல் பூச்சிகள் வருவதற்கு முன்னாலேயே அப்பா என்னிடம் வந்தார். தாலுகா ஆபீசிலிருந்து புலப்படத்தின் நகல் வாங்கியிருந்தார். பழைய படம், அளவெல்லாம் லிங்க் கணக்கில். மேற்கு மூலைக் கல்லிலிருந்து வேலி எல்லை வரை எண்ணூறு லிங்க், அதாவது எட்டுச் சங்கிலி. வேலிப் பக்கத்துக் கல் எப்போதோ காணாமல் போய்விட்டது. கல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"மூணு வருஷம் படிக்க வெச்சேன்" என்றார். "ஒரு வேலி எங்க நிக்கணும்னு உன்னால சொல்ல முடியாதா?"

முடியும் என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. என் படிப்பு அந்த வீட்டில் முதல் முறையாக யாருக்கோ தேவைப்பட்டது. ரோடு காண்டிராக்டர் ஒருவரின் கிடங்கிலிருந்து அப்பா பழைய இரும்புச் சங்கிலி ஒன்றை இரவல் வாங்கி வந்தார். அறுபத்தாறு அடி, நூறு கண்ணி, இரண்டு முனையிலும் பித்தளைப் பிடி.

இந்த இடத்தில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன், பிறகு தேட வேண்டாம். சங்கிலி தேயும். அதன் வளையங்கள் இழுபட்டு வாய் திறந்து, சங்கிலி நீண்டு போகும். அதனால் அளக்கப் போகும் முன் அதைச் சரியான நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இது சர்வே பாடத்தின் முதல் அத்தியாயம். பாலிடெக்னிக்கில் முற்றத்தில் இரண்டு கல் பதித்திருந்தார்கள். நாங்கள் வருவதற்கு முன்பே லேப் உதவியாளர் எல்லாச் சங்கிலியையும் அந்தக் கற்களுக்கு நடுவில் போட்டுப் பார்த்து, சரியானதை மட்டும் எடுத்து வைத்திருப்பார். நாங்கள் ரெக்கார்டு நோட்டில் 'சங்கிலி சோதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். மூன்று வருஷமும் எழுதினேன். ஒரு முறையும் சோதித்ததில்லை. அன்றும் நோட்டின் முதல் வரியில் அந்த வாக்கியத்தைப் பழக்கத்தில் எழுதினேன். என் கையெழுத்து தெளிவாக இருக்கிறது.

சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பா தான் பிடித்தால் தம்பிக்குத் தெரிந்துவிடும் என்று ஒதுங்கி நின்றார். சித்தி ஆட்டைத் தேடி வந்தாள். "புடிச்சுக்கறீங்களா சித்தி?" என்றேன். எதுக்கு என்று கேட்டாள். பிராக்டிஸ் என்றேன். அந்தப் பொய்க்கு எனக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை.

அவள் முன்னால் போனாள். நான் பின்னால் நின்று, நேராக்கி, கையைக் காட்டினேன். ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் அவள் ஒரு இரும்பு ஊசியை மண்ணில் குத்தினாள். எட்டாவது சங்கிலியில் பிடி வேலிக்குள் போய்விட்டது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிளுவை இடுக்கில் நுழைந்து, தன் பக்கத்துக்குப் போய் நின்று கத்தினாள்.

"இங்கயா பாப்பா? இது எங்க எடம் ஆச்சே."

"அங்கதான் சித்தி. குத்துங்க."

குத்தினாள். வேலியின் அடிமரத்திலிருந்து அந்த ஊசி வரை இரண்டடி எட்டு அங்குலம். சித்தப்பாவின் அஸ்திவாரச் சுவர் அதற்குள் வந்துவிட்டது.

கிழக்குக் கல்லிலிருந்தும் அளந்து பார்த்திருக்க வேண்டும். அதே சங்கிலியால் அளந்திருந்தால் சித்தப்பாவின் நிலமும் எங்கள் பக்கம் நீண்டு வந்திருக்கும். இரண்டு நிலமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்க, தவறு சங்கிலியில் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். தம்பி நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. எண்ணைச் சொன்னதும் அப்பா சிரித்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததாக எனக்கு நினைவில் இருப்பது அது ஒன்றுதான்.

அப்பா உடனே எதுவும் செய்யவில்லை. சித்தப்பா சுவரை இடுப்பு உயரம் எழுப்பும் வரை காத்திருந்தார். கட்டினதை இடிக்கறதுலதான் வலி தெரியும் என்று அம்மாவிடம் சொன்னாராம். அதற்குள் ஐப்பசி பிறந்து, இரண்டு மழை பெய்து, பூச்சிகள் வந்துவிட்டன. அந்த வருஷம் ஒரு முழத்துக்கு நூற்று நாற்பது வரை போனது. கிளுவைக் கொம்புகள் எடையில் வளைந்து தொங்கின.

அன்று ஐந்து ஐம்பதுக்கு நான் நேரத்தை எழுதி நோட்டை மூடினேன். அப்பா மாட்டுக் கொட்டகையிலிருந்து கொடுவாக்கத்தியோடு வந்தார். என்னைக் கடந்து போனார். முதல் வெட்டில் ஒரு கொம்பு முழுசாகச் சாய்ந்தது. கிளுவையை வெட்டினால் மாங்காய் நறுக்கியது போல ஒரு வாடை எழும். அந்த வாடையோடு ஆயிரக்கணக்கான பூச்சிகள் எழுந்தன.

எழுந்தன என்று சொல்வது சரியில்லை. குளிர்ந்த நேரத்தில் அவற்றால் ஒழுங்காகப் பறக்க முடியாது. கொட்டின. சில முகத்தில் மோதின. சில அப்பாவின் முதுகிலும் தலையிலும் தொற்றிக்கொண்டன. அவர் கத்தியை ஓங்கும்போது கை முழுக்கப் பூச்சி. மிச்சம் தரையில் விழுந்து, எழ முடியாமல் இறக்கையை அடித்துக்கொண்டன. அப்பா முன்னால் போகப் போக அவற்றை மிதித்துக்கொண்டே போனார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. காய்ந்த சருகின்மேல் நடந்தால் வருவதைவிடக் கொஞ்சம் ஈரமானது.

சித்தி ஓடி வந்தாள். வேலியின் அந்தப் பக்கத்திலிருந்து, அடுத்து வெட்டப் போகும் கொம்பை வலது கையால் சுற்றிப் பிடித்தாள்.

"மாமா, வேணாங்க. வெட்டறதா இருந்தா காலைல வெட்டுங்க. அதுங்க கெளம்பிப் போயிடும், அப்பால வெட்டுங்க."

அவள் நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. சுவரைப் பற்றிப் பேசவில்லை. அப்பா அவளைப் பார்த்தாரா என்பது பின்னால் கோர்ட்டில் ஒரு கேள்வி. நான் பார்த்ததைச் சொல்கிறேன். அவர் முகத்தில் பூச்சிகள் இருந்தன. இடது கையால் கண்ணைத் துடைத்தபடியே வலது கையால் வெட்டினார். அவள் அங்கே நிற்பது தெரியும். கை எங்கே இருந்தது என்பது தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள அவர் நிற்கவும் இல்லை.

கத்தி கிளையில் பட்டால் வரும் சத்தம் வரவில்லை. சித்தி கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அதை வேறு யாருடையதோ மாதிரி பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். நான் வேலிக்குள் புகுந்து போய், என் தாவணியை முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். முதலுதவி வகுப்பில் சொன்னபடி, கட்டிய நேரத்தையும் மனதில் குறித்துக்கொண்டேன். ஆறு மணி இரண்டு நிமிஷம்.

சித்தப்பா அஸ்திவாரக் குழியிலிருந்து கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழக்கமாக நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் எதையும் செய்வார். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு உடைந்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. இரண்டாவது அடி தலைக்கு வந்தது. அப்பா சாய்ந்ததால் கிளுவை மரத்தில் பட்டது. மூன்றாவதற்கு முன் அம்மா வந்து சித்தப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அம்மாவை உதறிவிட்டு, கடப்பாரையைப் போட்டுவிட்டு, சித்தியைத் தூக்கினார். ரோட்டில் போன வேன் ஒன்றை மறித்து அவளை ஏற்றினார். அப்பாவை அரைமணி நேரம் கழித்து மாட்டு வண்டியில் கொண்டுபோனோம். இரண்டு பேரும் ஒரே அரசு ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில் ஒருவர், பெண்கள் வார்டில் ஒருவர்.

மறுநாள் காலை வேலிக்குப் போனேன். முப்பதடி நீளம் வெட்டுப்பட்டிருந்தது. வெயில் ஏறியதும் உயிரோடு இருந்த பூச்சிகள் கிளம்பிவிடும், வெறும் தரையைத்தான் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. அப்பாவின் கத்தியிலும் காலிலும் நசுங்கிக் கிழிந்து கிடந்த கிளுகிளுப்பைச் செடிகள்மேல் நான் அதுவரை பார்த்ததிலேயே பெரிய கூட்டமாக மொய்த்து, காலால் பிறாண்டிக்கொண்டு இருந்தன. செத்த பூச்சிகள் கீழே கிடந்தன. அவற்றின்மேல் நின்றும் பிறாண்டின. அன்று எண்ணவில்லை.

பதினோராம் நாள் கிடங்கிலிருந்து சங்கிலியைத் திருப்பிக் கேட்டார்கள். நானே கொண்டுபோனேன். கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுலயா அளந்தம்மா நீ? இது லாரியில படுதா கட்டற சங்கிலி ஆச்சே. வளையமெல்லாம் வாயத் தெறந்துகிட்டு கெடக்குதே, பாக்கலியா?"

அங்கே புது ஸ்டீல் டேப் இருந்தது. இரண்டையும் தரையில் விரித்துப் பார்த்தேன். அறுபத்தாறு அடி நாலு அங்குலம். மூன்று முறை பார்த்தேன். எட்டுச் சங்கிலிக்கு நாலு அங்குலம் வீதம் முப்பத்திரண்டு அங்குலம். இரண்டடி எட்டு அங்குலம். அதாவது, அண்ணனும் தம்பியும் கயிறு கட்டிக் கண்ணால் பார்த்து நட்ட வேலி, நிற்க வேண்டிய இடத்தில் ஒரு அங்குலம் பிசகாமல் நின்றிருந்தது.

சங்கிலியை இன்னும் மூன்று நாளைக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். டேப்பையும் கேட்டேன். கொடுத்தார்.

அந்த மூன்று நாளில் நடக்கவிருந்தது என்ன என்பது எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் ஆறு பேர் கூடி ராஜிக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அதன்படி, சித்தப்பா கடப்பாரையால் அடித்த வழக்கை அப்பா விட்டுக்கொடுப்பார். பதிலுக்கு சித்தப்பா இரண்டடி எட்டு அங்குலத்தை விட்டு, சுவரை இடித்துவிடுவார். சித்தி, தழை கழிக்கும்போது தன் கத்தியே தவறிப் பட்டது என்று எழுதிக் கொடுப்பாள். இவ்வளவும் என் அளவின்மேல் நின்றது. வேலி அப்பாவுடையது என்றால், அவர் வெட்டியது அவர் சொத்து, அவள் வந்து குறுக்கே விழுந்தாள். வேலி பொது என்றால், அவர் செய்தது வேறு. அவர் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"கம்முனு இரு" என்றாள். "அவருக்குக் கை சேந்துடும். உனக்கு இன்னும் கல்யாணம் ஆவல. அவளுக்குக் கை போனது போனதுதான், நீ சொன்னா ஒட்டிக்கவா போவுது?"

அவள் சொன்னதில் ஒவ்வொன்றும் சரி. நான் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதிப் பார்த்தேன், சொன்னால் ஒரு பக்கம், சொல்லாவிட்டால் ஒரு பக்கம். சொல்லாவிட்டால் என்ற பக்கம் நீளமாக, நல்ல காரணங்களோடு இருந்தது. சொன்னால் என்ற பக்கத்தில் ஒரே வரி: ஊசியைக் குத்தியது சித்தி, குத்தச் சொன்னது நான்.

மூன்றாம் நாள் ராஜி, கிணற்றடியில், புங்க மரத்தின் கீழ். வக்கீல் குமாஸ்தா ஒருவர் முத்திரைத்தாளில் பாதி எழுதி முடித்திருந்தார். அப்பா இடது கை தூளியில் தொங்க நாற்காலியில் இருந்தார். சித்தப்பா எதிரே தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். சித்தி கொஞ்சம் தள்ளி, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அளந்தவள் என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் குமாஸ்தா பென்சிலால் ஒரு குறி வைத்திருந்தார்.

நான் சங்கிலியைத் தரையில் விரித்தேன். பக்கத்தில் டேப்பை விரித்தேன். இரண்டின் தலைப்பையும் ஒரே ஆணியில் மாட்டினேன். பெரியவர்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுமுனை வரை நடந்து போய்ப் பார்த்தார்.

"சங்கிலி நாலு அங்குலம் ஜாஸ்தி நீளம்" என்றேன். "நான் சோதிக்காம அளந்துட்டேன். சோதிச்சேன்னு எழுதினது பொய். எட்டுச் சங்கிலிக்குக் கழிச்சா வேலி சரியான எடத்துலதான் நிக்குது. ரெண்டு பக்கத்துக்கும் பொது."

குமாஸ்தா பேனாவை மூடினார். சித்தப்பா முதல் முறையாகத் தலையைத் தூக்கினார். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். நல்ல கையால் சங்கிலியின் பித்தளைப் பிடியை எடுத்தார். நான் அவர் அதைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். பிடி என் இடது காதில் விழுந்தது. இரண்டாவது முறை அதே இடத்தில். மூன்றாவதற்குள் பெரியவர்கள் பிடித்துவிட்டார்கள். ஒருவர் அவரது உடைந்த தோளைப் பிடித்துவிட, அவர் அலறினார். என்னை விட்டுவிட்டு எல்லோரும் அவரைப் பார்க்கப் போனார்கள்.

நான் சித்தியிடம் போனேன். காதிலிருந்து ரத்தம் ரவிக்கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் இடது கையால் முந்தானையை எடுத்து அதைத் துடைக்க வரவில்லை. எனக்கு அந்த எதிர்பார்ப்பு இருந்தது, மறைக்கவில்லை.

"பிராக்டிஸ்னு சொன்னியே பாப்பா" என்றாள். "நான் நம்பித்தான புடிச்சேன்."

அவ்வளவுதான். சித்தப்பா அவளை எழுப்பிக் கூட்டிப் போனார். ராஜி எழுதப்படவில்லை.

அது முடிந்து ஐந்து வருஷம் ஆகிறது. இப்போது நிலவரம் இது. சித்தியின் வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மடங்குவதில்லை. இடது கையால் ஆட்டைப் பிடித்துக் கட்டுகிறாள். என்னைக் கண்டால் தலையசைப்பாள், பேசுவதில்லை. என் இடது காது பாதிதான் கேட்கிறது. அப்பாவுக்கு ஒரு வருஷத் தண்டனை ஆனது. மேல்முறையீடு நடக்கிறது, ஜாமீனில் இருக்கிறார். அவர் வீட்டில் நான் இல்லை. பொதுப்பணி அலுவலகம் ஒன்றில் வரைவாளராக இருக்கிறேன், டவுனில் வாடகை அறை. சங்கிலியையும் டேப்பையும் நானே காலையில் கற்களுக்கு நடுவில் போட்டுப் பார்க்கிறேன். சித்தப்பாவின் இரண்டு அறைகளும் கட்டி முடிந்து, ஒன்றில் ஆள் இருக்கிறார்கள். வெட்டிப் போட்ட கிளுவைக் கொம்புகள் விழுந்த இடத்திலேயே வேர்விட்டுவிட்டன. அந்த முப்பதடிக்கு வேலி நேர்கோடாக இல்லை, இரண்டு நிலத்திலும் தாறுமாறாக முளைத்து நிற்கிறது. யாரும் வெட்டவில்லை. போன ஐப்பசியில் ரோட்டில் நின்று பார்த்தேன். பூச்சிகள் ஐந்து ஐம்பத்தைந்துக்கு அடைந்து முடித்தன. தூரத்திலிருந்து எண்ண முடியவில்லை.